டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டிய இடம் வெள்ளியாய் மினுங்குகிறது, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால் பால் படர்ந்தது போல் ஆகிறது. சிங்கப்பூரில் மினியேச்சர் எனும் சிறு உருவங்களுக்கு பெயிண்ட் செய்பவர்கள் இதை எப்படித் தவிர்ப்பது?

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலாவது, டிகாலுக்கு அடியில் சிக்கிய காற்று. இரண்டாவது, பெரும்பாலும் நம் ஊர்க் காற்றின் ஈரம்.

மேட் பெயிண்ட் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் நிறைந்தது. டிகால் படலம் மேடுகளின்மேல் மட்டும் உட்காரும். பள்ளத்தில் நிற்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதுதான் அந்த வெள்ளி மினுக்கம். ஆகவே டிகால் வரும் இடத்துக்கு முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் போடுங்கள். பிரஷ் என்றால் வலேஹோ கிளாஸ் மெல்லியதாக இரண்டு கோட், ஏர்பிரஷ் என்றால் தமியா எக்ஸ்-22 கிளாஸ். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டால் விரல் ரேகை பதியும்.

டிகாலைப் படத்தை ஒட்டியே வெட்டுங்கள். ஓரத்து வெறும் படலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வெதுவெதுப்பான நீரில் 10 விநாடி நனைத்து, டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். நீரிலேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும். ஒட்டும் இடத்தில் மைக்ரோ செட் (டிகால் நன்றாக ஒட்ட உதவும் திரவம்) தடவி, டிகாலை நகர்த்தி வைத்து, ஈரமான பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருட்டுங்கள். தேய்த்தால் நழுவும்.

பிறகு மேலே மைக்ரோ சால் (டிகாலை இளக்கிப் படியவைக்கும் திரவம்). சில நிமிடங்களில் டிகால் சுருங்கி நெளியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அப்போது தொடவே கூடாது, தொட்டால் கிழிந்துவிடும். காயும்போது தானாகப் படியும். தோள்பட்டைக் கவசம் போன்ற குவிந்த இடத்தில் தட்டையான வட்ட டிகால் மடிப்பு விழாமல் உட்காராது. ஒட்டும் முன்பே ஓரத்திலிருந்து உள்நோக்கி இரண்டு மூன்று சிறு கீறல் போட்டுவிடுங்கள். மைக்ரோ சால் இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். குமிழி மிஞ்சினால் ஊசி முனையால் குத்தி, அங்கே இன்னொரு சொட்டு. மறுநாள் ஈரப் பஞ்சால் பசைக் கறையைத் துடைத்துவிட்டு, டிகால் மேல் மறுபடி ஒரு கோட் கிளாஸ்.

இனி மேட். ஸ்பிரே கேனிலிருந்து வரும் கரைப்பான் சட்டென ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும். காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிரில் நீர் படிந்து வார்னிஷுக்குள் சிக்கும். இங்கே விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லா நாளில் பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் ஸ்பிரேக்கு உகந்த நேரம் பகல் 2 முதல் 4 மணி. வேலை முடிந்து வந்து இரவில் காரிடாரில் அடிப்பதுதான் மிக மோசம். ஏர்கான் அறையில் ஈரம் குறைவு என்று கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காதீர்கள், பாம் ஷெல்டருக்குள்ளும் (வீட்டுப் பாதுகாப்பு அறை) வேண்டாம்: அந்த ஆவி மூச்சுக்கும் கேடு, தீயும் பற்றும். நவம்பர், டிசம்பர் அடைமழை வாரங்களில் கேனை மறந்துவிட்டு, நீர் சார்ந்த மேட் வார்னிஷை ஏர்பிரஷிலோ பிரஷிலோ போடுவதே என் பரிந்துரை.

ஈரம் இல்லாமலும் வெள்ளை பூக்கும். மேட் வார்னிஷில் உள்ள மங்கலாக்கும் தூள் அடியில் தங்கும் தன்மை கொண்டது. இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய வீச்சாக அடியுங்கள். தடித்தாலோ குழிகளில் தேங்கினாலோ தூள் அங்கே திரண்டுவிடும்.

ஏற்கெனவே வெளுத்துப்போன உருவத்தைச் சுரண்ட வேண்டாம். அதன்மேல் பிரஷால் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்கள்; பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். காய்ந்தபின் மேட் மறுபடி. டிகாலுக்கு அடியில் உள்ள காற்றை மட்டும் இது தீர்க்காது. அதற்கு மேட் போடுமுன்பே ஊசியும் மைக்ரோ சாலும்தான்.

மீதமுள்ள டிகால் தாள்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். திறந்து கிடந்தால் இந்த ஈரத்திலேயே பசை இளகி, மேலுள்ள காப்புத் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.