செமினார் ஹாலுக்குள்ள நாமளும் போலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு அம்மா): அக்கா வணக்கம். என் பொண்ணு கடலூர்ல பி.எஸ்சி. விலங்கியல் ரெண்டாவது வருஷம் படிக்கிறா. புதுச்சேரி ஜிப்மர்ல பொது சுகாதாரம் பத்தி செமினார் நடக்குது, போறேங்கறா. அது டாக்டருக்குப் படிக்கறவங்க போற எடமாச்சே, இவள உள்ள விடுவாங்களா?

பதில்: தாராளமா அனுப்புங்கம்மா. பொது சுகாதாரம்ங்கறது டாக்டருங்க மட்டும் பாக்கற வேல இல்ல, புள்ளிவிவரம் படிச்சவங்க, சமூகப் பணி படிச்சவங்க, பூச்சியியல் படிச்சவங்கன்னு எல்லாரும் சேர்ந்துதான் அத இழுத்துட்டுப் போறாங்க. ஆனா எல்லா நிகழ்ச்சியும் ஒரே மாதிரி கெடையாது. சி.எம்.இ.ன்னு (டாக்டருங்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி) போட்டிருந்தா அது பெரும்பாலும் டாக்டருங்களுக்கு, 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் கிரெடிட் சேக்கணும்னு அவங்களுக்கு இருக்கு, அதுக்காக நடத்தறது. ஒர்க்‌ஷாப்னா ஃபீஸ் இருக்கும், சீட்டும் கம்மி. கெஸ்ட் லெக்சர், உலக காசநோய் நாள், மலேரியா நாள்னு நடக்கறதுல மத்த காலேஜ் பசங்களுக்கும் பல தடவ எடம் குடுப்பாங்க. மொதல்ல செமினார் நடத்தற துறையோட ஆபீசுக்கு ஒரு போன் போட்டு, விலங்கியல் ஸ்டூடன்ட் வரலாமான்னு கேட்டுடச் சொல்லுங்க, காலேஜ் ஐடி கார்டும் கையில இருக்கட்டும்.

உங்க பொண்ணுக்கு இன்னொரு எடமும் சொல்றேன். ஜிப்மர் இருக்கற அதே கோரிமேடு பக்கம், இந்திரா நகர்ல ஐ.சி.எம்.ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் இருக்கு, 1975-லேர்ந்து. கொசு, கொசு பரப்புற நோய் இதுக்குன்னே உள்ள ஆராய்ச்சி நிலையம். 1981-லேர்ந்து 1985 வரைக்கும் புதுச்சேரி டவுன்ல யானைக்கால் நோய் பரப்புற க்யூலக்ஸ் கொசுவக் கட்டுப்படுத்த ஒரு பெரிய திட்டம் நடத்துனாங்க, மருந்து அடிக்கறத மட்டும் நம்பாம சாக்கடை, தேங்குன தண்ணின்னு கொசு முட்ட போடற எடத்தையே சரி பண்ற வேல அது. அங்க பப்ளிக் ஹெல்த் என்டமாலஜின்னு, அதாவது பொது சுகாதாரப் பூச்சியியல்னு எம்.எஸ்சி.யே இருக்கு, விலங்கியல் படிச்ச புள்ளைக்கு அதவிடப் பொருத்தமா ஒண்ணு எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கத்துல இல்ல. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள், 1897-ல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியக் கண்டுபிடிச்ச நாள். அத ஒட்டி ஏதாவது நிகழ்ச்சி இருக்கான்னு அவளயே விசாரிக்கச் சொல்லுங்க.

கேள்வி (தேவனாம்பட்டினம், மகளிர் குழுத் தலைவி): வெள்ளமும் சுகாதாரமும்னு ஒரு காலேஜ்ல கூட்டம் போட்டு எங்க குழுவ வேன் வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. பின்னாடி வரிசையில உக்கார வச்சாங்க. மேடையில பூரா இங்கிலீஷ், மைக்கு எங்க பக்கமே வரல. இனிமே கூப்ட்டா போவணுமா அக்கா?

பதில்: உங்க கோவம் நியாயம்மா, படிச்சப்ப எனக்கே மனசு கஷ்டமாதான் இருந்துச்சு. 2004 சுனாமியில கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல செத்துப் போனாங்க, 2011 டிசம்பர் 30-ந்தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையக் கடந்துச்சு, 2015-ல ஊரே தண்ணியில மெதந்துச்சு. இது மூணையும் ஒடம்பால அனுபவிச்ச ஜனங்கள பின் வரிசையில உக்கார வச்சுட்டு வெள்ளத்தப் பத்திப் பேசறதுல என்ன இருக்கு? கூட்டம் நடத்தறவங்க இந்தப் பக்கத்தப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கறேன், மொத அரைமணி நேரத்த இவங்களுக்குக் குடுங்க, தமிழ்ல, அப்புறம் புரொஃபசர் பேசட்டும், அவருக்கும் அது ஒதவும்.

இருந்தாலும் நீங்க போங்க, போகாம விட்றாதீங்க. ஆனா கூப்பிடும்போதே ரெண்டு விஷயம் கேட்டுடுங்க, தமிழ்ல பேசுவீங்களா, நாங்க கேள்வி கேக்க நேரம் ஒதுக்கியிருக்கீங்களான்னு. கேள்வியும் வீட்லயே எழுதி எடுத்துட்டுப் போங்க. "எங்களுக்கு ஏதாவது செய்யுங்க"ன்னு கேட்டா "ஆவன செய்வோம்"னு முடிச்சுடுவாங்க. அதுக்குப் பதிலா இப்படிக் கேளுங்க: "வெள்ளம் வடிஞ்சப்புறம் எங்க தெரு டேங்க்ல குளோரின் எவ்ளோ இருக்குன்னு யாரு, எத்தன நாளுக்கு ஒரு தடவ பாப்பாங்க?" கொழாத் தண்ணியில லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் நிக்கணும், நோய் பரவற சமயத்துல 0.5. நல்ல பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு ரெண்டரை கிராம் அளவுல கரைச்சு ஊத்தி அரைமணி நேரமாவது விடணும்னு கணக்கு, தண்ணி கலங்கலா இருந்தா அது பத்தாது, அதனாலதான் ஊத்துனதோட விடாம டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்ங்கறது. இந்த நம்பரச் சொல்லிக் கேக்கறப்ப மேடையில இருக்கறவங்க நம்பராலதான் பதில் சொல்லியாவணும். இன்னொண்ணும் கேளுங்க, கால்ல புண்ணோட வெள்ளத் தண்ணியில நடந்தா எலிக்காய்ச்சல் வருமே, மீன் விக்கப் போற பொம்பளைங்க வேலைய விட்டுட்டு வீட்ல உக்கார முடியாது, அவங்க என்ன செய்யறதுன்னு. பூட்ஸ் போடுங்கன்னு ஈஸியா சொல்லிடுவாங்க, அந்த பூட்ஸ் எங்கேர்ந்து வரும்னு விடாம கேளுங்க.

கேள்வி (புதுச்சேரி, எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுகலை மாணவர்): மாநாட்டுல மொத தடவையா என் ஆய்வப் பத்தி போஸ்டர் வைக்கணும், கடற்கரைக் கடைக்காரங்ககிட்ட சர்க்கரை வியாதி பத்தி சர்வே எடுக்கலாம்னு இருக்கேன். ஏதாவது சொல்லுங்க.

பதில்: தம்பி, சர்வே ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க நிறுவனத்தோட எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி வாங்கிடுங்க, எடுத்து முடிச்சுட்டுப் போயி நின்னா குடுக்க மாட்டாங்க, மாநாட்டுக்கு அனுப்பற ஆய்வுச் சுருக்கத்துலயும் அதக் கேக்கறது உண்டு. சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒரு சாட்சிய வச்சுக்கிட்டுப் படிச்சுக் காட்டணும். போஸ்டர்ல ஒரே ஒரு முடிவ மட்டும் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னாலும் தெரியற மாதிரி பெருசா போடுங்க, மிச்சத்தக் கேக்கறவங்ககிட்ட வாயால சொல்லிக்கலாம். யாருக்காவது சர்க்கரை அதிகமா இருந்துச்சுன்னா அவங்களக் கையோட பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்க ஏற்பாடு பண்ணிட்டு அப்புறமா சர்வேய ஆரம்பிங்க.