வாசல் தாண்டும் குட்டிப் பூனைகள்: கேள்வி பதில்

குட்டிப் பூனை வெளியே ஓடாமல் இருக்க என்ன செய்வது என்று பலரும் பலவிதமாகக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. தாயை இழந்த குட்டிகளைத் தேற்றி வளர்த்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவள். மருந்தின் பெயரும் அளவும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): அக்கா, எங்கள் பெட்டைக் குட்டிக்கு ஐந்து மாதம். சில நாட்களாக இரவெல்லாம் கத்துகிறது, தரையில் உருளுகிறது, கதவைப் பிறாண்டுகிறது. வயிற்று வலியா? வெளியே விட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார்.

வெளியே விட்டால் கத்தல் நிற்கும், உண்மைதான். இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டில் நான்கைந்து குட்டிகள் கத்தும். முதுகை மெல்லத் தடவிப் பாருங்கள். பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒருபுறம் ஒதுக்கினால் பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். நான்கு மாதத்திலேயே வரும் குட்டிகள் உண்டு. ஒரு வாரம் போல நீடிக்கும். இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் தொடங்கும். குளிர்நாட்டுப் பூனைகளுக்குப் பகல் குறுகும் மாதங்களில் ஓய்வு கிடைக்கும். நம் ஊரில் பகல் வெளிச்சத்துக்கு ஏது பஞ்சம்? ஆண்டு முழுவதும் இதே கதைதான். கர்ப்பம் 63 முதல் 65 நாள்.

கருத்தடை செய்துவிடுங்கள். 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்ற பேச்சுக்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்பே செய்தால் பிற்காலத்தில் மார்பில் புற்றுக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பருவம் அடங்கட்டும் என்று மருத்துவர் சொன்னால் அதுவரை ஜன்னல், கதவு, மொட்டைமாடி மூன்றையும் காவல் காக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

வெளியே ஓடும் குட்டியைப் பற்றிய கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு பதிலே போதும். ஆனால் எல்லோரும் ஜன்னலுக்கு அடிக்கும் வலையின் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

கேள்வி (கோவை): ஏழு மாதக் கடுவன். இரண்டு நாள் காணாமல் போகிறான், மூன்றாம் நாள் காதில் ரத்தத்தோடு வந்து நிற்கிறான்.

மேலே சொன்ன கருத்தடைதான் இவனுக்கும். அறுவை முடிந்த மறுநாளே சாது ஆகிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். உடலில் உள்ள ஹார்மோன் வடியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை குட்டிக்குத் தகப்பன் ஆகவும் முடியும். ஆகவே அந்த வாரங்களிலும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். பிறகு பெரும்பாலான கடுவன்களின் ஊர்சுற்றல் நன்றாகக் குறைந்துவிடும்.

காதுக் காயத்தை மஞ்சள் பூசி விட்டுவிடாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல இறங்கும். மேலே தோல் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். பூனைகளுக்கு வரும் எதிர்ப்புச் சக்திக் குறைவு நோயின் வைரஸ் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது. (மனிதருக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.) வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் நாளைக்கே போங்கள்.

கேள்வி (பெரும்பாக்கம், நான்காம் மாடி): பால்கனியில் புறா வலை கட்டியிருக்கிறோம், ஜன்னலில் கொசுவலை இருக்கிறது. இது போதாதா? பூனை விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்கிறார்களே?

போதாது. ஜன்னலில் ஒட்டுப்பட்டை வைத்த கொசுவலையை ஒரு மூலையில் விரலால் தள்ளிப் பாருங்கள், சரசரவென்று பிரிந்து வரும். உங்கள் விரலுக்கே பிரிவது, பல்லியைப் பார்த்துப் பாயும் மூன்று கிலோ உடம்புக்கு எம்மாத்திரம்? புறா வலை நைலான். புறாவுக்குப் பல் இல்லை, பூனைக்கு இருக்கிறது. வெயிலில் காய்ந்து நைந்துபோன இடமாகப் பார்த்துக் கடித்து ஓட்டை போடும். ஓட்டை கீழ் மூலையில், பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். உங்கள் கண்ணில் படாது.

துருப்பிடிக்காத எஃகு வலையைச் சட்டத்தில் திருகாணி வைத்து முடுக்குங்கள். கண்ணி ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பூனையின் தோள்பட்டை எலும்பு நம்முடையதுபோல் இறுகப் பூட்டியதன்று; தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். குட்டியின் தலை எவ்வளவு சிறியது என்று ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டு கிரில் இடைவெளியை அளங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1987-இல் நியூயார்க்கில் ஒரு விலங்கு மருத்துவமனை, உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளின் கணக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன. 'பூனைக்குச் சாவில்லை' என்ற பேச்சுக்கு இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது மருத்துவமனைவரை உயிரோடு வந்து சேர்ந்தவற்றின் கணக்கு. தரையிலேயே முடிந்துபோனவை அதில் இல்லை. பிழைத்தவற்றிலும் நுரையீரல் அடிபட்டவை, தாடை உடைந்தவை, கால் முறிந்தவை ஏராளம். காலில் நிற்கும், சரி. அந்தக் கால் எத்தனை துண்டாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

கேள்வி (வாடகை வீட்டுக்காரர்): ஆணி அடிக்கவே வீட்டு உரிமையாளர் விடமாட்டார்.

கிரில் இருக்கிறதல்லவா? அளவெடுத்து வெட்டிய வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலை) உள்பக்கமாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். சாணுக்கு ஒரு கட்டு. கம்பி முனையை வெளிப்பக்கம் மடக்கி விடுங்கள். காலி செய்யும்போது அவிழ்த்து எடுத்துப் போகலாம்.

கேள்வி (கும்பகோணம்): எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முற்றத்துத் தூணில் ஏறி ஓட்டின் மேல் போய்விடுகிறது. எப்படி அடைப்பது?

கொடுத்துவைத்த வீடு உங்களுடையது. திருடனுக்குப் பயந்தோ குரங்குக்குப் பயந்தோ பல வீடுகளில் முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அதன் மேல் வலையை விரித்துக் கட்டினால் வெயில், மழை, காக்கை எல்லாவற்றையும் குட்டி உள்ளிருந்தே பார்க்கும். வெளிநாட்டில் இதற்காகவே காசு கொட்டிக் கூண்டு கட்டுகிறார்கள். கம்பி இல்லை என்றால், தூணைச் சுற்றி ஆளுயரத்தில் வழவழப்பான தகரத்தை இரண்டடி அகலத்துக்கு உருளையாகச் சுற்றுங்கள். நகம் பதியாமல் வழுக்கிவிடும். பக்கத்தில் உரலோ பெட்டியோ மூட்டையோ இருக்கக் கூடாது.

இன்னொன்று: உங்கள் ரேழி, தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் உள்ள நடை. தெருக்கதவைத் திறக்கும்போது உள்கதவு சாத்தியிருக்க வேண்டும், உள்கதவைத் திறக்கும்போது தெருக்கதவு. இந்தப் பழக்கம் குழந்தைகளுக்கு இரண்டே நாளில் வந்துவிடும். பெரியவர்களுக்குத்தான் நாளாகும்.

கேள்வி (தண்ணீர் கேன், சிலிண்டர், கூரியர் என்று தினமும் கதவு திறக்கும் வீடு): மணி அடித்தால் போதும், எனக்கு முன்னால் அது வாசலில் நிற்கிறது.

மணிச் சத்தத்துக்கு வாசலில் வேடிக்கை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அதையே மாற்றிக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் ஒருவர் வெளியே நின்று மணி அடிக்கட்டும். நீங்கள் சமையலறைக் கோடியில் நின்று அதற்குப் பிடித்த தீனியைக் கொஞ்சம் தட்டில் போடுங்கள். தினமும் சில முறை, பசி நேரத்தில். நாளடைவில் மணி அடித்தால் சமையலறைக்கு ஓடும். சிலிண்டர் வருகிற நாளில் மட்டும் இதை நம்பாதீர்கள். கதவு நெடுநேரம் திறந்திருக்கும். முதலிலேயே ஓர் அறையில் விட்டுத் தாழிட்டுவிடுங்கள்.

கேள்வி (மன்னார்குடி அருகே ஒரு கிராமம்): பூனையை அடைத்து வைப்பது பாவம் இல்லையா? எங்கள் தாத்தா காலத்தில் வயலுக்கும் வீட்டுக்குமாகத்தான் திரிந்தது. எலியும் பிடிக்க வேண்டுமே.

ஐயா, உங்களோடு முழுவதும் சண்டை போட மாட்டேன். தாத்தா காலத்துப் பூனைகளில் எத்தனை இரண்டு வயதைத் தாண்டின என்று யாரும் எண்ணிவைக்கவில்லை. ஒன்று போனால் அடுத்தது வந்தது, பூனை எப்போதும் இருப்பதாகவே நமக்குத் தோன்றியது. இன்று வாசலிலேயே பைக் பறக்கிறது, தெருநாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். மருந்து தின்று தள்ளாடும் எலிதான் பூனைக்குச் சுலபமான இரை. ரத்தம் உறையாமல் செய்யும் மருந்தாக இருந்தால் விளைவு சில நாள் கழித்துத்தான் தெரியும்: ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், மூச்சு வாங்கும். அப்போது வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஓடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது நடுவழி. ஒரு வயது ஆகும்வரை வெளியே வேண்டாம். கருத்தடை, தடுப்பூசிகள் முடிந்த பிறகு பகலில் தோட்டம்வரை போகட்டும். பொழுது சாய்வதற்கு முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அந்தியும் விடியலும்தான் பூனை மும்முரமாக வேட்டையாடும் நேரம், கட்டுவிரியன் நடமாடுவது இரவில். மாலைச் சாப்பாட்டை ஒரே நேரத்தில், வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். பகலில் வயிறு நிறையப் போட்டுவிட்டு மாலையில் வரவில்லையே என்று எழுதாதீர்கள்.

கேள்வி (திருச்சி, அவசரம்): நேற்று இரவு ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டது. ஒருநாள்கூட வெளியே போகாத பூனை. தெருமுழுக்கக் கூப்பிட்டாகிவிட்டது.

நின்று நிதானியுங்கள். வெளியே பழகாத பூனை பெரும்பாலும் தூரம் போகாது. கிடைத்த முதல் பொந்தில் புகுந்து மூச்சுக் காட்டாமல் கிடக்கும். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-இல் வந்த ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் முக்கால் பங்கு புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அதைவிடப் பக்கம். ஆகவே பைக்கில் ஊரைச் சுற்றாதீர்கள். குதித்த ஜன்னலுக்குக் கீழிருந்து தொடங்குங்கள்.

தெரு அடங்கியபின் டார்ச்சோடு இறங்குங்கள். டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, தரையோடு தரையாக அடியுங்கள்; கண்கள் பச்சையாக மின்னும். மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால், நிறுத்தி வைத்த காருக்கு அடியில், பானெட்டுக்குள், தென்னமட்டைக் குவியலில், பக்கத்து வீட்டுச் சாமான் அறையில். 'இங்கே வரவில்லை' என்று பக்கத்து வீட்டார் சொன்னால், திறந்து காட்டச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பூட்டிய பிறகு உள்ளே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்ததும் பாய்ந்து பிடிக்க வேண்டாம். உட்காருங்கள். வழக்கமாகப் பேசும் குரலில் ஏதாவது பேசுங்கள். நெத்திலிக் கருவாட்டை லேசாக வறுத்து எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது (சைவ வீட்டார் மன்னிக்க, மீன் வாசனைத் தீனிப் பொட்டலமும் உதவும்). அது படுத்த துணியை வாசலில் போட்டுவையுங்கள். ஒரே நாளில் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பசி முற்றி இரண்டு மூன்று நாள் கழித்து வாய் திறக்கும் பூனைகள் உண்டு.

கேள்வி: தீபாவளிக்கு என்ன செய்வது?

பட்டாசு முந்தின நாளே தொடங்கிவிடும், நீங்களும் அன்றே தொடங்குங்கள். ஜன்னல் குறைந்த உள்ளறை, மலத்தொட்டி, தண்ணீர், மேலே போர்வை போட்ட ஓர் அட்டைப்பெட்டி. கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் ஒளியட்டும், சமாதானம் சொல்கிறேன் என்று இழுக்காதீர்கள். பலகாரம் கொண்டுவரும் உறவினர்களுக்காகக் கதவு திறந்தபடியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பால் வைத்தால் வீட்டோடு இருக்குமா?

இருக்காது. பேதிதான் ஆகும்.

கேள்வி: கழுத்தில் ஜிபிஎஸ் கட்டலாமா? மைக்ரோசிப் போட்டால் இருக்கும் இடம் தெரியுமாமே?

தெரியாது. மைக்ரோசிப்பில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். யாராவது பூனையைப் பிடித்துக் கருவியால் படித்தால்தான் எண் தெரியும். எண்ணோடு உங்கள் தொலைபேசி பதிவாகியிருந்தால்தான் பயன். ஜிபிஎஸ் கருவி குட்டிக்குக் கனம். கழுத்துப்பட்டை எதுவானாலும், இழுத்தால் தானே கழன்றுவிடும் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். கிளையில் மாட்டித் தொங்குவதைவிடப் பட்டை தொலைவது மேல்.

கேள்வி (சேலம்): எங்கள் குட்டி பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியில் மலம் கழிக்கிறது. சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவேன் என்கிறார்.

முதலில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. போய்த் தொட்டியைச் சுத்தம் செய்து கொடுங்கள். வீட்டுக்குள் பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்று மலத்தொட்டி வைத்து, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி வைத்து, தினமும் அள்ளுங்கள். மலத்தொட்டி நாறினால் எந்தப் பூனையும் பக்கத்து வீட்டைத்தான் தேடும். அதற்குப் பிறகும் அவர் சாக்கை எடுத்தால், பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். சட்டத்துக்கு முன் ஒரு தட்டு முறுக்கோடு போனால் இன்னும் நல்லது.

கேள்வி: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பூனை வருமா, அக்கா?

தன் பெயரைப் பூனை பிரித்தறியும் என்று 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வருவதும் வராததும் அதன் இஷ்டம். இஷ்டத்தை நாம்தான் வளர்க்க வேண்டும்: கூப்பிடுங்கள், வந்தால் ஒரு வாய் தீனி கொடுங்கள், தினமும். நகம் வெட்டவோ மாத்திரை கொடுக்கவோ ஒருபோதும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அதற்கெல்லாம் சத்தமில்லாமல் போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.