போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த வைப்பர்?

பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று வைப்பர் மாற்றிவிட்டோம். எல்லாமே ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது. விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா? (பனசங்கரி)

கைப்பிடிக்குக் கொடுக்கிற காசு வீண். கோடு விழுவதும் விழாததும் ரப்பர் பட்டையைப் பொறுத்தது. முதலில் கையில் இருப்பது கண்ணாடி வைப்பர்தானா என்று பாருங்கள். தரையில் தண்ணீர் தள்ளும் வைப்பரில் ஸ்பாஞ்ச் மாதிரி இரட்டைப் பட்டை இருக்கும். அதையே சின்னதாக்கி ‘கிச்சன் வைப்பர்’ என்று விற்கிறார்கள். சமையல் மேடைக்கு அது நல்லது, கண்ணாடிக்கு ஆகாது. கண்ணாடிக்கு வேண்டியது ஒற்றைப் பட்டை, வழவழப்பான ரப்பர், பிளேடால் அறுத்த மாதிரி நேரான விளிம்பு.

கடையிலேயே சோதித்துவிடலாம். விளிம்பில் விரலை ஓட்டுங்கள். மணல் அளவு பிசிறு தட்டினாலும் அந்த இடத்தில் ஒரு கோடு நிச்சயம். பிறகு ஷோகேஸ் கண்ணாடியில் லேசாக அழுத்திப் பிடித்து, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ரப்பரைப் பிடித்திருக்கும் தகடு வளைந்திருக்கிறது. ரப்பர் தகட்டின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரேம் ஓரத்தில் தண்ணீர் தங்கிப் பிறகு வழியும். பட்டையை உருவி மாற்ற முடிகிறதா என்பதுதான் முக்கியம். உருவ முடிந்தால், ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பிப் போட்டு இன்னொரு விளிம்பை ஓட்டலாம். ஒட்டிவிட்ட பட்டை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சாதாரண ஸ்லைடிங் ஜன்னலுக்கு 10 அங்குல வைப்பர் போதும். பால்கனிக் கதவு பெரிதென்றால் 14 அங்குலம். ஒரு கதவை இரண்டு மூன்று இழுப்பில் முடிக்கிற அகலம் சரி, அதைவிட அகலமாக வாங்கினால் கை ஒரே அளவாக அழுத்தாது.

இனி இழுக்கும் முறை. 5 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் அரை டீஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம். சோப்பு கூடினால் அதுவே படலமாக நிற்கும். ஈரத் துணியால் அழுக்கை ஊறவைத்துத் தேய்த்த பிறகு, கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு அங்குலம் மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். ரப்பர் ஈரத்தில் தொடங்கினால் மேலேயிருந்து சொட்டிக் கோடு போடும், உலர்ந்த இடத்தில் தொடங்கினால் போடாது. ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் மேல் ஓர் அங்குலமாவது ஏறி வரட்டும். ஒவ்வொரு முறையும் பட்டையைத் துடைத்துவிட்டு அடுத்த இழுப்புக்குப் போங்கள். வெயில் அடிக்கிற ஜன்னலை அந்த நேரத்தில் தொடவே தொடாதீர்கள். வைப்பர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும்.

கேள்வி: எவ்வளவு துடைத்தாலும் அடுத்த நாள் வெள்ளைப் புள்ளிகள். மைக்ரோஃபைபர் துணி வாங்கியும் பயனில்லை. (ஹெச்எஸ்ஆர் லேஅவுட்)

இது துணியின் குற்றமில்லை, தண்ணீரின் குற்றம். போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் காய்ந்ததும் கண்ணாடியிலேயே தங்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. அந்த வரம்புக்குள் இருக்கிற தண்ணீரே காய்ந்தால் கண்ணாடியில் தெரியும்.

ஆகவே வாங்க வேண்டியது புதுத் துணி அல்ல, நல்ல தண்ணீர் ஒரு வாளி. நகரோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்காக 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. உங்கள் குடியிருப்புக்குக் காவிரி இணைப்பு உண்டென்றால் கண்ணாடிக்கு அதைப் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் அழுக்கைப் போர் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் இரண்டு லிட்டர். கவனம்: ஆர்ஓ வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைப் பலரும் சேமித்து வைத்துத் துடைக்கப் பயன்படுத்துகிறார்கள். தரைக்குச் சரி. ஆனால் உப்பு முழுக்க அதில்தான் திரண்டிருக்கிறது. கண்ணாடியில் அதை ஊற்றினால் கறையை நீங்களே வாங்கிவைத்த மாதிரி.

ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு சிட்ரிக் ஆசிட் தூள், அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. டிஷ்யூவை அதில் நனைத்துக் கண்ணாடியில் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். பிறகு கீறாத வெள்ளை ஸ்க்ரப்பரால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பச்சை ஸ்க்ரப்பரில் அரம் போலத் தேய்க்கிற தூள் இருக்கிறது, கண்ணாடியைக் கீறும். ஜன்னல் திட்டு கடப்பா கல்லோ மார்பிளோ என்றால் முதலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மூடுங்கள். இரண்டும் சுண்ணாம்பு வகை, ஆசிட் பட்ட இடம் மங்கிவிடும். பிளீச்சிங் கலந்த எதையும் இதன் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டு முறை செய்தும் புள்ளி போகவில்லை என்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. அதைப் பாலிஷ்தான் போட வேண்டும், எந்த லிக்விடும் உதவாது.

மைக்ரோஃபைபர் துணியைக் குறை சொல்லும் முன் ஒன்று: துணி அலசும்போது கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் லிக்விட் ஏதாவது ஊற்றுகிறீர்களா? அது இழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ஒன்பதாவது மாடி, வெளியே கிரில் கிடையாது. ‘எல்லாக் கண்ணாடிக்கும்’ என்று போட்டிருந்த காந்த கிளீனர் (கண்ணாடியின் உள்ளும் வெளியும் காந்தத்தால் ஒட்டி நகரும் இரண்டு துண்டு) ஆன்லைனில் வாங்கினோம். வெளித் துண்டு நிற்காமல் விழுந்து கயிற்றில் தொங்குகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (ஒயிட்ஃபீல்ட்)

எல்லாக் கண்ணாடிக்கும் ஏற்ற காந்தம் என்று ஒன்று கிடையாது. மெல்லிய ஒற்றைக் கண்ணாடிக்கு ஒன்று, இரட்டைக் கண்ணாடிக்கு இன்னொன்று என்று தடிமன் வாரியாகத்தான் வரும். வலு குறைந்தால் வெளித் துண்டு விழும், கூடினால் இரண்டும் கவ்விக்கொண்டு நகராது, விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும். உங்களுடையது இரட்டைக் கண்ணாடியா என்று இரவில் பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், ஒற்றைக் கண்ணாடியில் நெருங்கிய இரண்டு பிரதிபலிப்பு, இரட்டையில் இரண்டு ஜோடியாக நான்கு தெரியும். சரியான மில்லிமீட்டரை ஜன்னல் பில்லிலோ பில்டரிடமோ கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இந்தச் சாமானே வேண்டாம். காந்தம் பொருந்தினாலும், தூசி படிந்த கண்ணாடியில் அப்படியே ஓட்டினால் நடுவில் மாட்டிய மணல் கீறிவிடும்.

பணம் பற்றி: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்க முடியாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த ‘எல்லாக் கண்ணாடிக்கும்’ என்ற வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காந்தம் ஒத்துவராவிட்டால் வெளிப்பக்கத்துக்குக் கயிற்றில் இறங்கி வேலை செய்யும் ஆட்களை அசோசியேஷன் மூலம் கூப்பிடுங்கள். திட்டில் ஏறுவதோ ஏசி ஸ்டாண்டில் கால் வைப்பதோ வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தண்ணீரை உறிஞ்சும் பேட்டரி மெஷின் வாங்கலாமா?

பெரிய கண்ணாடிக் கதவு நாலைந்து இருந்து, தரை மரத்தரையாக இருந்தால் வாங்கலாம். சொட்டாது என்பது மட்டும்தான் அதன் லாபம், அழுக்கை அது தேய்க்காது. தூசியைக் கையால்தான் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அதன் முனையிலும் ரப்பர் பட்டைதான், மாற்றுப் பட்டை தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: மழை வந்தால் ஸ்லைடிங் ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங் மாற்ற வேண்டுமா? (அல்சூர்)

அதற்கு முன் ஜன்னல் ஓடும் டிராக்கைப் பாருங்கள். கீழ்ச்சட்டத்தின் வெளிப்பக்கம் சின்ன நீள்துளைகள் இருக்கும். டிராக்கில் சேரும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தூசியும் கொசுவலை உதிர்த்த இழையும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் ஏறும். டிராக்கின் அகலத்தை அளந்துகொண்டு, அதற்குள் போகிற மெல்லிய பிரஷ் ஒன்று வாங்குங்கள், பழைய டூத் பிரஷும் போதும். ஈரமாக்காமல் காய்ந்த தூசியை முதலில் வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள், நனைத்தால் சேறாகித் துளைக்குள் இறங்கும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வடிந்துவிட்டால் துளை அடைத்திருந்ததுதான் கோளாறு. வடிந்த பிறகும் மழைக்கு உள்ளே வந்தால் மட்டும் பீடிங்குக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.