கொள்ளுத்தாத்தா கட்டிய ஏரிக்கரை வீடு ஆக்கிரமிப்பா?

கேள்வி: எங்கள் பண்ணை வீடு ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. கொள்ளுத்தாத்தா கட்டியது, நூறு வருடம் இருக்கும். தாத்தா பெயரில் பட்டாவும் வீட்டு வரி ரசீதுகளும் உள்ளன. இப்போது ஏரிப் புறம்போக்கு என்று 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு விளக்கம் கேட்பது மட்டும்தான். காலி செய்யச் சொல்வது 6-ஆம் பிரிவு. அதனால் பதற வேண்டாம். ஆனால் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தையாகத் தாசில்தாரிடம் சொல்லிவிட்டு வருபவர்கள்தான் பின்னால் சிக்குகிறார்கள்.

வீட்டின் வயதை நம்ப வேண்டாம். வீட்டு வரி ரசீது நீங்கள் அங்கே குடியிருந்ததைக் காட்டும், நிலம் யாருடையது என்று சொல்லாது. பட்டா எப்போது வந்தது என்று பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியில், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, வந்ததென்றால் கவனம் தேவை. அப்போது புறம்போக்குக்குப் பட்டா விழுந்ததும் உண்டு, பட்டா நிலம் புறம்போக்காக மாறியதும் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் பதிவேடு) சான்றிட்ட நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவை வரைபடம்) வாங்குங்கள். பழைய சர்வே எண்ணுக்கு இப்போதைய எண் எது என்பதையும் எழுதி வாங்குங்கள். பழைய பதிவேட்டில் ரயத்துவாரி (தனியாருக்கு உரிய) பட்டா நிலம் என்று இருந்தால், யு.டி.ஆர். பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு போடலாம். கிராம நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்று இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் களத்தோடு சேர்ந்த பண்ணை வீடுகள் பெரும்பாலும் நத்தத்துக்கு வெளியேதான் இருக்கும்.

அப்புறம் பழைய கிரயப் பத்திரங்கள். சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, படியுங்கள். 'ஏரிக்கரைக்கு வடக்கு' என்று எல்லை இருந்து, ஏரியின் நீர் தெற்கே இருந்தால், வீடு கரைக்கு வெளியே என்று வாதிடலாம். தனியார் பத்திரம் அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் பதிவேட்டோடு சேர்த்துக் காட்டும்போது கனம் கூடும். உங்கள் முன்னிலையில் அளக்க வேண்டும் என்றும் பதிலிலேயே கேளுங்கள்.

அளவையில் வீடு உள்வாயில் (கரைக்கு உள்ளே நீர் நிற்கும் பகுதியில்) விழுந்தால் நிலைமை கஷ்டம்தான். நீர்நிலைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முதல், நெடுநாளாக அனுபவித்து வருகிறோம் என்ற வாதத்துக்கு ஏரிக்குள் மதிப்பில்லை. அப்படியானால் கால அவகாசமும் மாற்று இடமும் கேட்டு இப்போதே தனி மனு கொடுத்துவிடுங்கள்.