வந்ததை எழுதவா, வேண்டியதை எழுதவா?

கேள்வி: மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் 19 வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கூழின் இனிப்பு அளவான பிரிக்ஸ் குறைவாக வந்தாலும் மேலாளர் சொல்கிற எண்ணைப் பதிவேட்டில் எழுதியே பழகிவிட்டேன். போன சீசனில் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, வந்ததை எழுதட்டுமா, வேண்டியதை எழுதட்டுமா?" என்று வெகு சாதாரணமாகக் கேட்டாள். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. வயது 44. வேலையை விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: விட வேண்டாம். நீங்கள் கிளம்பிவிட்டால் அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்?

25 வயதில் தலையாட்டியதற்காக இப்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். அப்போது சம்பளம் முக்கியமாக இருந்திருக்கும். எனக்கும் ஒரு பதிவேடு உண்டு. தருமபுரியில் முதல் வேலை. "போடும்மா, நேரமாகுது" என்றார்கள். சரக்கறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் இருப்புக் கணக்கில் கையெழுத்துப் போட்டேன். பிறகு சரக்கு குறைந்தது தெரிந்தபோது மாட்டிக்கொண்டவர் உதவியாளர். நான் வாயே திறக்கவில்லை. "எண்ணிப் பார்த்துட்டுப் போடறேன் சார்" என்று சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. சொன்ன அன்று குரல் பிசிறியது. அதிகாரி, "சரி, எண்ணு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று எரிச்சல்தான் வந்தது.

எல்லா மேலாளரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்று சொல்லவில்லை. அதனால் முதலில் உங்கள் எண் சரியா என்று பாருங்கள். சூடான கூழை அப்படியே பிரிக்ஸ் பார்க்கும் கருவியில் விட்டால் அளவு குறைத்துக் காட்டும். ஆறவிடுங்கள், காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா பாருங்கள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி இரண்டு சொட்டு கூழ். அப்புறமும் 13.2 என்றால் அது 13.2தான்.

அடுத்து, மேலாளரிடம் வெறும் 'முடியாது' என்று போய் நிற்காதீர்கள். பெங்களூரா ரக மாங்கூழ் வாங்குபவர்கள் பொதுவாக 14க்குக் குறையாமல் கேட்பார்கள், அவர் தலைவலி அதுதான். "13.2 வருது சார். அந்தத் தொட்டியில 15 இருக்கு, சரிபாதி கலந்தா 14 தாண்டிடும்" என்று சொல்லிப் பாருங்கள். 19 வருடம் கூழோடு பழகியவர் சொல்கிற பேச்சு இது. அதை அலட்சியமாகத் தள்ளுவது கடினம். அப்படியும் 14 என்றே போடச் சொன்னால், நீங்கள் கண்ட எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். திருத்த வேண்டுமென்றால் அவர் கையாலேயே திருத்தி, அவரே கையெழுத்துப் போடட்டும். கோபப்படுவார்தான். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம்.

ஜூன் மாதம், வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மெஷின் ஓடாத நாளாகப் பார்த்து, சீசனுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம். "வந்ததை எழுதும்மா. நான் இத்தனை நாள் அப்படி எழுதல" என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள்.