சிப்பிக்குத் தலை எங்கே? – கேள்வி பதில்

படத்தில் எவ்வளவு தேடியும் சிப்பியின் தலை தெரியவில்லையே, சார்?

தெரியாது, ஏனென்றால் இல்லை. நத்தைக்கும் கணவாய்க்கும் சொந்தம்தான். ஆனால் இரண்டு ஓட்டுக்குள் ஒடுங்கிய இந்தக் கிளையில் தலையும் போயிற்று, நத்தை உணவைச் சுரண்டித் தின்னும் அரநாக்கும் போயிற்று. வாய் மட்டும் மிச்சம். மூளைக்குப் பதிலாக உடம்பில் அங்கங்கே நரம்பு முடிச்சுகள்.

அப்புறம் எப்படிச் சாப்பிடும்?

செவுளால். பெரும்பாலான சிப்பிகளுக்கு மூச்சுவிடும் செவுள்தான் சல்லடையும். அதிலுள்ள நுண்மயிர்கள் அசைந்து நீரை உள்ளே இழுக்கும். நுண்பாசிகள் சளியில் சிக்கி வாய்ப் பக்கம் நகரும். அங்கே வாயோரத் தகடுகள் தரம் பிரித்து, வேண்டாததைச் சளியில் சுருட்டி வெளியே தள்ளிவிடும். குடலுக்கே போகாத கழிவு இது! நல்ல சூழலில் ஒரு பெரிய ஆளி (ஆய்ஸ்டர் எனப்படும் சிப்பி வகை) ஒரு நாளில் 200 லிட்டர் வரை வடிகட்டும். இதில் ஆபத்தும் உண்டு: நச்சுப்பாசி பெருகும் காலத்தில் அந்த நஞ்சு சிப்பியின் உடலில் சேரும். சமைத்தாலும் போகாது.

ஓட்டைத் திறக்க அவ்வளவு பலமா அதற்கு?

பலம் மூடுவதற்குத்தான். கீலில் உள்ள மீள்தன்மையுள்ள நார் ஓட்டைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். தசை இழுத்து மூடி வைக்கிறது. செத்ததும் தசை தளர்ந்து வாய் பிளப்பது அதனால்தான்.

கண்கூட இருக்கிறதாமே?

ஸ்காலப் என்ற சிப்பி வகைக்கு ஓட்டு விளிம்பில் 200 கண்கள் வரை இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் படிகங்களால் ஆன குழியாடி. ஆபத்து என்றால் ஓட்டைப் படபடவென அடித்து நீந்தி ஓடிவிடும்.

சிப்பிக்குள் மணல் போனால் முத்து வருமா?

மணலிலேயே கிடக்கும் பிராணி அது. அப்படியானால் எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்க வேண்டுமே! ஒட்டுண்ணியோ காயமோ ஓட்டைச் சுரக்கும் செல்களை இடம்பெயர்த்து ஒரு பையாக்கினால்தான் பெரும்பாலும் முத்து உருவாகும்.

எவ்வளவு காலம் வாழும்?

சில இனங்கள் ஓரிரு வருடம். ஐஸ்லாந்து அருகே 2006-இல் பிடித்த ஒரு மட்டியின் ஓட்டு வளையங்களை எண்ணினால் வயது 507.

ஆணா பெண்ணா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியிலிருந்து பெரும்பாலும் முடியாது. பல ஆளிகள் ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாகின்றன.

மரக்கப்பலைத் துளைக்கும் கப்பல்புழுவும் இந்த இனமா?

ஆமாம், புழுவே அல்ல. ஓடு சுருங்கி முன்முனையில் துளைகருவியாகிவிட்டது. அரைத்த மரத்தைச் செரிக்கும் நொதியைத் தருவது பாக்டீரியா. அவை குடியிருப்பதும் செவுளில்தான்.