காவா பிஸ்கட்: மாவில் கலக்கும் முன் ஒரு சிரட்டைக் கணக்கு

கேள்வி: என் தம்பி ஃபிஜியில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது கால் கிலோ காவா தூள் கொண்டுவந்தான். அங்கே எல்லாரும் கரைத்துக் குடிப்பார்களாம். மனது லேசாகுமாம், தூக்கம் வருமாம். நாங்களும் குடித்துப் பார்த்தோம். செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கருப்பட்டி பிஸ்கட் சுட்டு அக்கம்பக்கத்தில் விற்பவள். அந்த மாவில் இந்தத் தூளைக் கலந்து சுடலாமா? என் அத்தைக்கு வயது 72. பாதி ராத்திரியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாமா? - பாளையங்கோட்டை வாசகி

பதில்: உங்களுக்கும் தம்பிக்கும் என்றால் சுடலாம், கணக்கோடு. நானாக இருந்தால் சுட மாட்டேன். விற்பனைப் பெட்டியில் ஒன்றுகூடப் போகக் கூடாது. அத்தைக்குக் கொடுக்கவே கூடாது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்டுக் காஷ்மீரில் குடிக்கும் தேநீருக்கும் காவா என்றுதான் பெயர். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தக் காவாவுக்கு உறவு யார் தெரியுமா? நம் மிளகு, திப்பிலி, ஆத்தூர் வெற்றிலை. நான்கும் பைப்பர் என்ற ஒரே பேரினத்துச் செடிகள். பாபநாசத்து மலையில் மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிக்கு, பசிபிக் தீவுகளில் புதராக நிற்கும் ஒரு பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலையில் இலை, மிளகில் காய், காவாவில் வேர். வேரும் வேர்க்கிழங்கும் மட்டுமே உதவும். இலையும் தண்டும் மேல்தோலும் ஆகாது.

ஃபிஜியில் இதன் பெயர் யங்கோனா. 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதைக் குடிக்கிறார்கள். நாந்தி ஊரில் முருகனுக்குக் கோபுரம் எழுப்பியவர்கள் அவர்கள். குடிக்கும் கிண்ணம் என்ன என்கிறீர்கள்? வழவழப்பாகத் தேய்த்த தேங்காய்ச் சிரட்டை.

அவர்கள் தயாரிக்கும் விதத்தைக் கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். தூளைத் துணியில் கட்டி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்திக் கசக்குகிறார்கள். ஒரு நண்பர் கொண்டுவந்த தூளை நானும் பழைய வேட்டித் துணியில் முடிந்து கசக்கிப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் வெறுமனே கலங்கும். ஐந்தாவது நிமிடத்தில் துணி விரலுக்குள் வழுக்க ஆரம்பிக்கும்; எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு மினுமினுப்பு மேலே வரும். அந்தப் பிசுக்குதான் சரக்கு. மனதை லேசாக்கித் தூக்கம் வரவைப்பது அதுதான்; காவாலாக்டோன்கள் என்பார்கள். அவை தண்ணீரில் கரையாதவை. கசக்கும் கசக்கில் துகள் துகளாகத் தண்ணீரோடு வந்து மிதக்கின்றன. ஒரு வாய் குடித்தால் அக்கரகாரம் கடித்த மாதிரி நாக்கு நுனியும் உதடும் மரத்துப்போகும். சர்க்கரை கசப்பை அடக்கும், மரத்துப்போவதை அடக்காது. கருப்பட்டியும் அப்படித்தான். பிஸ்கட் தின்றவர்களுக்கு ஏலக்காய் மணம் போய்ச் சேருமுன் நாக்கு தூங்கிவிடும். சுவைக்காரி என்ற முறையில் எனக்கு முதல் ஆட்சேபம் இதுதான்.

ஏன் பச்சைத் தண்ணீர்? உலர்ந்த வேரில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்து. வெந்நீர் ஊற்றினால் மரவள்ளிக் கஞ்சி போலக் கொழகொழத்துவிடும். வடிகட்டவும் முடியாது, குடிக்கவும் முடியாது.

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். பிஸ்கட் என்றால் நெய் அல்லது வெண்ணெய். கொழுப்பில் இந்த லாக்டோன்கள் எளிதாகக் கரையும். பச்சைத் தண்ணீர் விட்டுவைப்பதை நெய் இழுத்துக்கொள்ளும். வீரியம் கூடுதலாகக் கிடைக்கிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். 2002-இல் ஜெர்மனி காவா மருந்துகளுக்குத் தடை போட்டது. அதே ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று எச்சரித்தது. அப்போது குற்றம் சாட்டப்பட்டவை பெரும்பாலும் சாராயத்திலோ அசிட்டோனிலோ சாறு இறக்கிய மாத்திரைகள். தண்ணீரில் கரைத்துக் குடிப்பதற்குத் தலைமுறை தலைமுறையான அனுபவம் உண்டு என்பதால், உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பானத்தை ஓரளவு சாந்தமாகவே பார்த்தது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறுவதையும், தோல் வறண்டு செதில் செதிலாக உரிவதையும் அதுவும் மறைக்கவில்லை.

ஆக, தீவுக்காரர்களின் அனுபவச் சான்றிதழ் தண்ணீருக்குக் கொடுத்தது. நெய்க்குக் கொடுத்தது அல்ல. ‘அவர்கள் காலங்காலமாகக் குடிக்கிறார்களே’ என்ற வாதத்தை நெய் பிஸ்கட்டுக்குக் கடன் வாங்க முடியாது. ஆஸ்திரேலியாவின் உணவு விதியே இப்படித்தான் கோடு போடுகிறது: வேரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்த பானமாக விற்கலாம், வேறு உணவில் சேர்த்து விற்கக் கூடாது.

அடுத்தது அளவு. செடிக்குச் செடி, வேருக்கு வேர், லாக்டோன் 3 முதல் 20 சதவீதம் வரை மாறும். 10 கிராம் தூளை மாவில் கலந்து 20 பிஸ்கட் சுட்டீர்கள் என்றால், ஒரு பிஸ்கட்டில் 15 மில்லிகிராமும் இருக்கலாம், 100 மில்லிகிராமும் இருக்கலாம். மாலைக் காப்பியோடு நான்கு தின்றால் 60 அல்லது 400. காவா மாத்திரைகளுக்கு ஆஸ்திரேலியா வைத்திருக்கும் உச்சவரம்பு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். சிரட்டையில் குடிப்பவர் எத்தனை சிரட்டை என்று எண்ணிக்கொள்வார். பிஸ்கட்டை நம் வீடுகளில் யார் எண்ணுகிறார்கள்? டப்பா திறந்திருந்தால் போகிற வருகிற கையெல்லாம் உள்ளே போகும். அதோடு, வெறும் வயிற்றில் குடித்தால் அரை மணிக்குள் தெரிந்துவிடும் மயக்கம், நெய்யும் மாவுமாகத் தின்றால் தாமதமாகத்தான் வரும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னும் இரண்டு எடுப்பது மனித சுபாவம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு முறை பார்த்தே தீருவேன் என்றால், முதலில் பொட்டலத்தைப் படியுங்கள். வேர்த்தூள்தானா? ஃபிஜிப் பொட்டலத்தில் வாகா என்றிருந்தால் பக்கவேர், வீரியம் அதிகம். லெவேனா என்றிருந்தால் அடிக்கிழங்கு, சற்று மென்மை. சாறு, செறிவூட்டியது, உடனடி என்றெல்லாம் அச்சிட்டிருந்தால் கீழே உள்ள கணக்கு செல்லாது. அந்தத் தூளை அடுப்படிக்கே கொண்டுவராதீர்கள். ‘டூடே’ என்ற வகையையும் தவிருங்கள். கிறக்கம் இரண்டு நாள் நிற்கும் என்பதால் வந்த பெயர் அது. வனுவாட்டு 2002-இல் காவாவுக்கென்றே சட்டம் இயற்றி, ‘நோபிள்’ எனப்படும் உயர்வகையைத்தான் ஏற்றுமதிக்கு உரியதாக வைத்தது.

தூள் 5 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு உதவாது. வெண்ணெயில் தண்ணீர் இருப்பதால் வேர்மாவு அதில் கொழகொழக்கும். ஆகவே நெய். 100 கிராம் நெய்யை ஒரு கிண்ணத்தில் உருக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, தூளைப் போட்டு அரை மணி நேரம் மெல்லிய சூட்டில் கிண்டுங்கள். நெய் பொரியக் கூடாது. துணியில் வடித்துப் பிழிந்து, உறையவிட்டு, 90 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். தூளை நேரே மாவில் தூவினால் ஒரு பிஸ்கட்டில் கட்டியாகவும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் போகும்; நெய் வழியாகப் போனால் சமமாகப் பரவும். மாவு, கருப்பட்டி அளவும் சுடும் விதமும் கடைசியில் சொல்லும் பிஸ்கட்டுக்கு உள்ளவைதான். 20 உருண்டை, ஒவ்வொன்றும் 18 கிராம், தராசில் வைத்து. தூள் எவ்வளவு வீரியமானதாக இருந்தாலும் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் தாண்டாது. ஆளுக்கு ஒன்று, அன்றைக்கு அவ்வளவுதான். அன்று இரவு பைக் சாவியைத் தொடக் கூடாது. உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவீர்கள் என்றால் இரண்டும் ஒரே நாளில் சேரக் கூடாது. சுட்டதைத் தனி டப்பாவில் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணில் வையுங்கள்.

அத்தை விஷயம். 72 வயதில் இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடாதவர் நம் பக்கத்தில் அபூர்வம். மருந்துகளைச் செரித்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைக் காவா மட்டுப்படுத்தக் கூடியது. சாப்பிட்ட மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கலாம். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, நடுக்குவாத மருந்து, காசநோய் மருந்து, அடிக்கடி பாராசிட்டமால் - இவை எதனோடும் காவா கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும், முன்பு மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் கூடாது. இவை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், பாதி ராத்திரியில் எழுந்து குளியலறைக்குப் போகும் 72 வயதுக்காரருக்குக் கால் தள்ளாடினால் இடுப்பெலும்பு போய்விடும். அவர் ஏன் விழித்துக்கொள்கிறார் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீருக்காகவா, மூட்டுவலியா, மத்தியானத் தூக்கமா, மனக்கவலையா என்று பார்க்க வேண்டியது அங்கே. நீங்கள் இருவரும் தின்ற பிறகு சிறுநீர் கறுத்தோ, கண் மஞ்சளாகவோ, உடம்பு அரித்தோ கண்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தின்ற விஷயத்தை அவரிடம் மறைக்காதீர்கள்.

விற்பனை பற்றி இரண்டு வரி போதும். வாங்குகிறவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் பேரன் பெட்டியைத் திறப்பான் என்பது தெரியும்.

நான் சொல்லும் வழி வேறு. ஃபிஜியில் சிரட்டையைக் காலி செய்தவுடன் வாய்க்கு ஏதாவது இனிப்பாகப் போட்டுக்கொள்வார்கள், மரத்த நாக்கையும் மண் சுவையையும் தேற்ற. பிஸ்கட்டுக்கு உரிய இடம் அதுதான். சிரட்டைக்குப் பக்கத்தில் தட்டில். அதைத் திரிகடுகு பிஸ்கட்டாகச் சுடுங்கள். சுக்கைத் தவிர மிச்ச இரண்டும் காவாவின் சொந்தக்காரர்கள், பொருத்தமாகவும் இருக்கும், பெட்டியில் வைத்து ஊருக்கே விற்கவும் செய்யலாம்.

மைதா 180 கிராம், காவா படாத சுத்தமான நெய் 90, கருப்பட்டி 90. சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, திப்பிலித்தூள் கால், ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியில்தான் சூட்சுமம். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வாங்கும்போது ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் கரைத்து அடியில் என்ன தங்குகிறது என்று பாருங்கள். பதநீர்க் கலயத்துச் சுண்ணாம்பும் மணலும் பல்லில் கடிபட்டால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. பாகு காய்ச்சி வடிகட்டினால் மண் போகும், ஆனால் தண்ணீர் சேர்ந்து பிஸ்கட் உதிராமல் இழுவையாகிவிடும். சுத்தமான கருப்பட்டியாகப் பார்த்து வாங்கி, அரிவாள்மனையில் சீவி, சன்னச் சல்லடையில் சலித்துக்கொள்வதே மேல். உறைந்த நெய்யில் கருப்பட்டித் தூளைப் போட்டு நிறம் வெளுக்கும்வரை உள்ளங்கையால் தேயுங்கள். மைதாவையும் பொடிகளையும் சேர்த்து, உருண்டை பிடிக்க வரவில்லை என்றால் மட்டும் ஒரு கரண்டி பால். 160 டிகிரியில் 18 நிமிடம். வெளியே எடுக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும், பதறாதீர்கள், ஆறினால் இறுகும். ஐப்பசி கார்த்திகை மழையில் கருப்பட்டி ஈரத்தை இழுத்து பிஸ்கட் நமுத்துப்போகும். 100 டிகிரியில் பத்து நிமிடம் மறுபடி காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

காவாவுக்கு, இருவருக்குமாகச் சேர்த்து 5 கிராம் தூளைத் துணியில் முடிந்து 250 மில்லி பச்சைத் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் கசக்குங்கள். ஆளுக்கு ஒரு சிரட்டை. தம்பிக்கு முறை தெரிந்திருக்கும்: வாங்குமுன் ஒரு கைதட்டு, ‘புலா’ என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூன்று கைதட்டு. மூன்றாவது தட்டு முடிந்ததும் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் நகர்த்துங்கள்.